வேண்டுதலும் விளைவும்

(திங்கள் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

   

கடலூர் மாவட்டத்தில், திருமுதுகுன்றத்தை அடுத்து, மணவாளநல்லூர் என்றோர் ஊர் உண்டு. (திருமுதுகுன்றம் என்றதும் எந்த ஊரோ என்று இளைஞர் சிலர் விழிக்கக்கூடும். விருத்தாசலம் என்று வடமொழிப் பெயர் பூண்டு நிற்பதே அவ்வூர்.) மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் என்னும் பெயரோடு முருகன் கோவில் கொண்டிருக்கின்றான். அக்கோவிலுக்கு வருவோருட் பலர் தேங்காய் பழத்தோடு ஒரு தாளையும் கொண்டுவருகின்றனர். தம் பெயர், ஊர், தமக்கு நேர்ந்த குறை ஆகிய அனைத்தும் அத்தாளில் வழக்குமன்ற முறையீடு போலவே எழுதப்பெற்றிருக்கும். கொடுத்த கடன் திரும்பவில்லை. களவுபோன நகை கிடைக்கவில்லை. கட்டிய கணவன் வீடு வரவில்லை. உடன்பிறந்தான் பங்கு பிரித்துத் தரவில்லை. அத்தாளை முருகன் திருமுன் வைத்தெடுத்து, பொட்டலமாக மடித்து, முனியப்பர் திருமுன்னில் கட்டிவிடுவர். முறையிடுவோரின் ஊருக்கும் கோவிலுக்கும் இடையே உள்ள தொலைவைக் கணக்கிட்டு அதற்கேற்பக் கட்டணமும் பெறப்படுகின்றது. ஆளனுப்பி எதிரியை அழைத்துவர வழக்குமன்றம் படிக்காசு கேட்பதில்லையா, அதுபோல. குறை தீர்ந்துவிட்டால் மீண்டும் வந்து, வழக்கு முடிந்தது என்று எழுதிக்கொடுத்து முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளல் வேண்டும்.

முறையீட்டுக்குப் 'பிராது' என்று பெயர். திரும்பப் பெறுவதற்கு 'இராசினாமா' என்று பெயர். இரண்டும் தமிழல்ல. பாரசீகத்தில் பிறந்து, உருது வழியாக நவாபுகளின் ஆட்சிக்கும், பின் கும்பினியாரின் வழக்குமன்றத்துக்கும் வந்து சேர்ந்த சொற்கள் அவை. தமிழ்க் கடவுள் என்று போற்றப்பெறும் முருகனிடத்தில் தமிழன் தன் குறையைச் சொல்லிக்கொள்ளவும் ஆற்காட்டு நவாபின் எழுத்தர் தந்த சொல்லே வேண்டியதாயிற்று! சொல்லைப் பற்றிய வருத்தம் ஒருபுறம் கிடக்கட்டும். அச்சொல் வேறொரு செய்தியையும் சொல்கின்றது. மாந்தன் எந்த ஆட்சியின்கீழ் வாழ்கின்றானோ அந்த ஆட்சியின் சாயலிலேயே கடவுளிடமும் கேட்கின்றான். கீழே உள்ள மன்றம் கேட்கவில்லை; ஆதலால் மேலே உள்ள மன்றத்துக்குப் போகின்றான். தாளும் அதே, கட்டணமும் அதே, காத்திருப்பும் அதே.

இவ்வாறு கேட்பதால் ஏதேனும் மாறுகின்றதா என்பதே இன்றைய உரையின் பொருள். கடவுள் உண்டா இல்லையா என்பதன்று. அவ்வழக்கைக் கடவுள் ஏற்பாளர் மறுப்பாளர் இருவருமே தீர்த்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அது அப்படியே இருக்கட்டும். இறைவன் உண்டு என்று கொண்டாலும், அவனிடம் இது தா, அது தா என்று கேட்பதனால் கேட்ட பொருள் வருகின்றதா? அவ்வாறு கேட்பவர்தாம் என்ன ஆகின்றார்? இவ்விரு வினாக்களையும் கலந்துவிடாமல் பார்த்தல் வேண்டும்.

முதல் வினாவை வெள்ளைக்காரர் எண்ணிக்கையைக்கொண்டு அளந்து பார்த்திருக்கின்றனர். அது தொடங்கிய கதை சுவையானது. 1871ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் எட்வர்டு குடற்காய்ச்சலால் படுத்தார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1861 திசம்பர் 14ஆம் நாள், அவர் தந்தையார் அதே காய்ச்சலால் இறந்தார் என்று மருத்துவர் சொல்லியிருந்தனர். எனவே நாடே நடுங்கிற்று. கோவில்தோறும் மன்றாட்டு நடந்தது. தந்தை இறந்த அதே நாளை ஒட்டி மகனுக்கு நோய் திரும்பிற்று, பிழைத்துக்கொண்டார். 1872 பிப்பிரவரி 27ஆம் நாள் இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் அரசியார் முன்னிலையில் பெரியதொரு நன்றி வழிபாடு நடந்தது. வேண்டுதல் வென்றது என்று ஊரெல்லாம் பேச்சு.

ஆனால் இளவரசர் தங்கியிருந்த அதே வீட்டில் விருந்தினராய்த் தங்கிய செசுட்டர்பீல்டு பெருமகனுக்கும் அதே காய்ச்சல் கண்டது, அவர் இறந்தார். இளவரசரின் குதிரைக்காரன் ஒருவனுக்கும் கண்டது, அவனும் இறந்தான். பெருமகனுக்காக வேண்டியவர்களும் இருந்திருப்பர். குதிரைக்காரன் வீட்டிலும் யாரோ ஒருவர் முழந்தாளிட்டிருப்பர். அவர்கள் குரல் எட்டவில்லை என்பதா? இளவரசரின் பெயர் சொன்னால்தான் எட்டும் என்பதா? அவ்வீட்டின் சாக்கடை பழுதுற்றிருந்தது என்பதைத்தான் பின்னர்ப் பலரும் கரணியமாகப் பேசினர். 1875இல் அந்நாட்டில் இயற்றப்பெற்ற பொது நலவாழ்வுச் சட்டம், தூய குடிநீரும் ஒழுங்கான சாக்கடையும் அமைப்பதை ஊராட்சிகளின் கடமையாக்கிற்று. அதன்பின் அந்நாட்டில் குடற்காய்ச்சலால் இறப்போர் தொகை ஆண்டுக்காண்டு குறைந்தது. குழாய் வழியே வந்த நீர், குடித்தவர் வேண்டியவரா வேண்டாதவரா என்று பார்க்கவில்லை.

நன்றி வழிபாடு முடிந்த சில திங்களில், சான் திண்டல் என்னும் இயற்பியல் அறிஞர், பெயர் போடாத மடல் ஒன்றைத் தம் முன்னுரையோடு வெளியிட்டார். அதனை எழுதியவர் என்றி தாம்சன் என்னும் அறுவை மருத்துவர். மருத்துவமனை ஒன்றின் ஒரு கூடத்திலுள்ள நோயாளிகளுக்காக மட்டும் சில ஆண்டுகள் நாடெல்லாம் வேண்டட்டும். ஏனைய கூடங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்பது அம்மடலின் கருத்து. பெரும்பூசல் எழுந்தது, ஆய்வு நடைபெறவில்லை. அதே ஆண்டு ஆகத்துத் திங்களில் பிரான்சிசு கால்டன் என்பார் வேறொரு வழியைக் கண்டார். எவருடைய நீண்ட வாழ்நாளுக்காக மிகுதியாக வேண்டப்படுகின்றது? அரசருக்காகத்தான். எல்லாக் கோவில்களிலும் எல்லா ஞாயிறும் அரசர் நீடுவாழ்க என்றே வேண்டுகின்றனர். அப்படியானால் அரச குடும்பத்தார் மற்றவரைவிட மிகுதியாக வாழ்கின்றனரா? முப்பது அகவையைக் கடந்து 1758 முதல் 1843 வரை இறந்தவர்களின் கணக்கை எடுத்து நோக்கினார். அரச குடும்பத்தார் 97 பேரின் நிரவல் அகவை 64.04. சமயக் குருமாரின் நிரவல் அகவை 69.49. நாட்டுப்புறச் செல்வர்க்கு 70.22. செல்வ வாழ்வு வாய்ந்த வகுப்பினருள் அரச குடும்பத்தாரே குறைவாக வாழ்ந்திருந்தனர்.

இக்கணக்கில் ஓட்டை இல்லாமல் இல்லை. அரசரின் வாழ்க்கைமுறை வேறு, மணவழக்கம் வேறு. அன்றியும் ஞாயிறுதோறும் நூலைப் பார்த்து ஒப்பிக்கப்படும் சொற்கள் வேண்டுதலாகுமா என்று கேட்டனர். நல்ல கேள்விதான். அதே கேள்வியைத் தமிழ்நாட்டுக் கோவிலிலும் கேட்டுப் பார்க்கலாம். சீட்டு வாங்கிப் பெயரும் நாண்மீனும் சொல்லிவிட்டு, தமக்கு ஒரு சொல்லும் விளங்காத மொழியில் தமக்காக வேறொருவர் முணுமுணுப்பதைக் கைகட்டிக் கேட்டு நிற்பவர், எதைக் கேட்டார்? கேட்டது இன்னதென்று அவருக்கே தெரியாது.

அறுபது எழுபது தலைமுறையாகச் சொல்லப்பட்டுவந்த ஒன்றைச் செவ்வையாக அளக்க மேலும் நூறாண்டு ஆயிற்று. 1988இல் சான்பிரான்சிசுக்கோ நகர் மருத்துவர் ஒருவர் 393 நெஞ்சாங்குலை நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வை வெளியிட்டார். பல கூறுகளுள் சிலவற்றில் மட்டும் வேண்டப்பெற்றவர் சற்று நன்றாயிருந்தனர் என்றது அது. இறப்பிலோ மருத்துவமனையில் தங்கிய நாள்களிலோ வேறுபாடில்லை. ஐயம் தீரவில்லை. ஆதலால் அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் மிகப்பெரிய ஆய்வொன்று நடந்து 2006இல் வெளிவந்தது. அதற்குப் பணம் தந்தது சமயச் சார்புடைய அறக்கட்டளை. நடத்தியவர் எர்பர்ட்டு பென்சன் என்னும் மருத்துவர், வழிபாட்டாலும் ஊழ்கத்தாலும் உடலுக்கு நன்மை உண்டு என்று நூல்கள் எழுதியவர். எனவே பகைவர் செய்த ஆய்வு என்று தள்ளிவிட முடியாது.

நெஞ்சாங்குலைக் குருதிக்குழாய் அறுவை செய்துகொண்ட 1802 பேரை மூன்று பிரிவாக்கினர். முதற் பிரிவினர்க்கும் இரண்டாம் பிரிவினர்க்கும் 'உங்களுக்காக வேண்டலாம், வேண்டாமலும் இருக்கலாம்' என்று மட்டும் சொல்லினர். முதற் பிரிவினர்க்காக மூன்று கிறித்துவக் குழுவினர் அறுவைக்கு முன்னாள் இரவு தொடங்கி இரண்டு கிழமை வேண்டினர். இரண்டாம் பிரிவினர்க்காக வேண்டவில்லை. மூன்றாம் பிரிவினரிடம் 'உங்களுக்காக உறுதியாக வேண்டப்படும்' என்று சொல்லியே வேண்டினர். ஒரு திங்களுக்குள் உடலில் சிக்கல் நேர்ந்தவர்: வேண்டப்பெற்ற முதற் பிரிவில் நூற்றுக்கு 52 பேர். வேண்டப்பெறாத இரண்டாம் பிரிவில் 51 பேர். வேண்டுதல் நடப்பதை அறிந்திருந்த மூன்றாம் பிரிவிலோ 59 பேர்!

இந்த 59ஐ வைத்துக்கொண்டு வேண்டுதல் கேடு செய்யும் என்று துள்ளுவது அறிவுடைமையன்று. தற்செயலாகவும் அமைந்திருக்கலாம் என்று ஆய்வாளரே எழுதினர். 'தனக்காக ஒரு கூட்டமே வேண்டும் அளவுக்கு நோய் முற்றிவிட்டதோ' என்ற அச்சமே சிலரை வாட்டியிருக்கலாம் என்றும் கருத்துண்டு. மேலும் மூன்று பிரிவினர்க்கும் அவரவர் மனைவி மக்கள் வீட்டில் வேண்டிக்கொண்டுதான் இருந்திருப்பர். அதை எவரும் தடுக்கவில்லை. ஆதலால் அவ்வாய்வு அளந்தது இவ்வளவே: முன்பின் அறியாதார் சிலர் கூடுதலாக வேண்டுவதனால் நெஞ்சாங்குலை அறுவையின் விளைவு மாறுகின்றதா? மாறவில்லை. இறைவனை எடைக்கல் வைத்து நிறுக்கலாமா என்று கேட்போர் உளர். அவர்கள் கேட்பது முறையே. நிறுத்தது இறைவனையன்று, இறைவனை இயக்கும் கைப்பிடி மாந்தன் கையில் உள்ளது என்னும் எண்ணத்தைத்தான்.

எண்களையெல்லாம் விடுத்து எளிய அறிவைக்கொண்டு நோக்கினாலும் இது விளங்கும். நெல்லைக் களத்தில் காயவைத்தவன் வெயிலை வேண்டுகின்றான்; பக்கத்து வயலில் நாற்று நட்டவன் மழையை வேண்டுகின்றான். ஒரே தொகுதியில் எதிரெதிர் நிற்கும் வேட்பாளர் இருவரும் ஒரே கோவிலில் ஒரே நாளில் தேங்காய் உடைக்கின்றனர். குருக்களும் இருவர்க்கும் வெற்றி கூறித் திருநீறு தருகின்றார். 'இது செய்தால் முடியிறக்குகின்றேன், அது செய்தால் ஆடு வெட்டுகின்றேன்' என்று பேசிக்கொள்வது அலுவலகத்தில் நடந்தால் அதற்குக் கையூட்டு என்று பெயர். கோவிலில் நடந்தால் நேர்த்திக்கடன். மாணிக்கவாசகரோ எதை வேண்டத் தகும் என்பதையும் இறைவனே அறிவான் என்று சொல்லி, கேட்கும் வேலையையே அவனிடம் விட்டுவிட்டார். அவர்தம் பாடலை உருகி உருகிப் பாடிவிட்டு, பாடி முடித்த கையோடு பட்டியலை நீட்டுகின்றவரை என்னென்பது?

பண்டைத் தமிழர் இதில் எங்கு நின்றனர் என்று காண்பது இன்றியமையாதது. திருக்குறளின் முதல் அதிகாரம் கடவுள் வாழ்த்து. அதிலுள்ள பத்துக் குறளையும் சொல் சொல்லாகப் புரட்டிப் பாருங்கள். எதையேனும் 'தா' என்று கேட்கும் குறள் ஒன்றுகூட இல்லை. அடுத்த அதிகாரம் வான்சிறப்பு. மழையைப் பற்றியே பத்துக் குறள். மழையே பொழி என்று கேட்கும் குறள் அங்கும் இல்லை! அதற்கு மாறாக, வானம் வறண்டால் வானோர்க்கு எடுக்கும் விழாவும் வழிபாடும் நடவா என்று தலைகீழாகத் திருப்பிப் போடுகின்றார் வள்ளுவர். வழிபாட்டால் மழை நிற்கின்றது என்று ஊர் சொல்கின்றது; மழையால்தான் வழிபாடே நிற்கின்றது என்று அவர் சொல்கின்றார். மாந்தன் மாந்தனிடம் இரப்பதையே பொறாமல், இரந்துதான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமெனின் அவ்வாறு படைத்தவனே அலைந்து கெடுவானாக என்று சீறியவர் அவர். இறைவன் வாயிலில் இரவலர் வரிசை ஒன்றை அவர் அமைத்திருக்க முடியுமா?

சிலப்பதிகாரத்தில் ஓர் இடம். கோவலன் மாதவிபாற் சென்றுவிட்டான். தன் கணவனும் பிரிந்திருக்கத் தனியளாய் வாழும் தேவந்தி, கண்ணகியிடம் வந்து வழி சொல்கின்றாள். காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் இரண்டு பொய்கைகள் உள்ளன. அவற்றில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் பிரிந்த கணவன் வந்து சேர்வான் என்கின்றாள். சொன்னவள் பகையல்லள், உற்ற தோழி, அன்பால் சொன்னாள். கண்ணகி ஒரே சொல்லில் மறுக்கின்றாள்: அது பெருமைக்குரிய செயலன்று. அவ்வளவே. அடுத்த நொடியில் கோவலன் வாயிலில் வந்து நிற்கின்றான். தொழுததால் வந்தானல்லன், மாதவியோடு ஊடிப் பிரிந்து, பொருளெல்லாம் தொலைத்து வந்தான்.

அதே கண்ணகி பின்னர் மதுரையில் கேட்டாள். தெய்வத்தின் முன் அழுது 'என் கணவனைத் தா' என்று கேட்கவில்லை. தவறிழைத்த அரசனின் அவைக்கே சென்று, கையில் சிலம்போடு நின்று, முறை கேட்டாள். யார் விடை சொல்லக் கடமைப்பட்டவனோ அவனிடம் கேட்டாள். அரசன் உயிர் கொடுத்து விடை சொன்னான். புறநானூற்றுக் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் பேசியதும் இவ்வாறே. வானத்தை நோக்கிக் கைகூப்பு என்று அவனுக்குச் சொல்லவில்லை. பள்ளமான நிலங்களைப் பார்த்து நீரைத் தடுத்துத் தேக்கு, உன் பெயர் நிலைக்கும் என்றார்.

இவ்விடத்தில் அண்மைக்காலச் செய்தி ஒன்றை ஒப்பிட்டாக வேண்டும். 2018ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை குறைந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டு சென்னை நகரம் குடத்தோடு தெருவில் நின்றது. அப்போது மழை வேண்டிக் கோவில்களில் வேள்வி நடத்துமாறு அறநிலையத்துறையிலிருந்து சுற்றறிக்கை சென்றது. நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டி நீர் நிரப்பி வழிபடுவதும் அதிலொன்று. குடிக்க நீரில்லாத ஊரில் கல்லாலான எருதுக்குக் கழுத்தளவு நீர்! சூன் திங்களில் ஆளுங்கட்சியினரும் கோவில்கோவிலாக வேள்வி வளர்த்தனர். சூலை 12ஆம் நாள் சோலையார்பேட்டையிலிருந்து காவிரிக் கூட்டுக்குடிநீர் தொடர்வண்டியில் ஏறிச் சென்னைக்கு வந்தது. அதற்கு மூன்றரை ஆண்டுகளுக்குமுன், 2015 திசம்பரில், அதே நகரம் வெள்ளத்தில் மூழ்கித் 'மழையே நில்' என்று கைகூப்பிற்று என்பதை அதற்குள் மறந்தாயிற்று. கொட்டியபோது தேக்கவில்லை, வறண்டபோது கேட்டனர். ஏரியைத் தூர்த்து மனை போட்டவனும் அவ்வேள்விக் கூட்டத்தில் நெய்யூற்றியிருக்கக்கூடும்.

கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியை அறியாதார் இல்லை. கி.பி. 10ஆம் நூற்றாண்டில் முதற் பராந்தக சோழன் காலத்தில் அமைந்த ஏரி அது. பராந்தகன் கடவுட் பற்றில்லாதவனா? தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன் அவன். பொன்னும் வேய்ந்தான், ஏரியும் வெட்டினான். பொன் வேய்ந்ததைக்கொண்டு நீர் வந்துவிடும் என்று இருந்துவிடவில்லை. 2004 முதல் அவ்வேரியின் நீர் குழாய்வழியே சென்னைக்குச் செல்கின்றது. தவித்த 2019 கோடையிலும் சென்றது.

இன்னும் கொடுமையான ஒன்றும் உண்டு. 1876 முதல் 1878 வரை தாது ஆண்டுப் பஞ்சத்தில் தென்னாட்டில் ஐம்பது இலக்கம் பேருக்குமேல் மாண்டனர். ஊர்தோறும் மாரியம்மனுக்குக் கூழூற்றவும் கூழில்லாமல் கும்பிட்டனர். அந்நாளிலேயே துறைமுகங்களிலிருந்து தவசம் கப்பலேறிக்கொண்டிருந்தது. கேட்க வேண்டிய வாயில் எதுவென்று தெரியாதவாறு மக்களைப் பழக்கிவைத்திருந்ததுதான் ஆள்வோர்க்குக் கிடைத்த பெருவாய்ப்பு.

இவ்வளவும் சொன்னபின், மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கும் தாயை இகழ்வதற்கு எவருக்கும் உரிமையில்லை. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கின்றது, மருத்துவமனை நெடுந்தொலைவு, வண்டியில்லை, கணவன் வெளியூரில். அவள் காசு முடிவது மடமையால் அன்று, வேறு கேட்பாரின்மையால். முடிந்தபின் அவள் கை நடுக்கம் நிற்கின்றது என்றால் அதுவும் உண்மையான விளைவே. ஆனால் முடிந்த காசை நம்பி விடியுமட்டும் இருந்துவிட்டாளா, முடிந்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாளா என்பதில்தான் பிள்ளையின் உயிர் இருக்கின்றது. இரண்டாம் வினா, கேட்டவர் என்ன ஆகின்றார் என்பது, இங்கேதான் முளைக்கின்றது. நற்றிணைத் தோழி ஒருத்தி, தலைவியின் காதல் நோய்க்கு வெறியாட்டு நடத்த வந்து நின்ற முருகனையே, கடவுளாய் இருந்தும் அறியாமையுடையாய் என்று எள்ளுகின்றாள். நோய் எதனால் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தவர் வீட்டில் அவ்வாறு சொல்லக்கூடிய துணிவும் இருந்தது.

அப்படியானால் தமிழர் ஒன்றுமே வேண்டவில்லையா என்றால், வேண்டினர். அள்ளூர் நன்முல்லையார் பாடிய புறப்பாட்டில், நடுகல்லை நாள் தவறாமல் தொழும் ஒருத்தி, தனக்கு விருந்தினர் வாய்க்க வேண்டும் என்றும், தன் தலைவனுக்கு நாட்டைத் தரும் பெரும்பகை வாய்க்க வேண்டும் என்றும் வேண்டுகின்றாள். சோறு கேட்கவில்லை, சோறிடும் வாய்ப்பைக் கேட்டாள். வெற்றியைக் கேட்கவில்லை, போரைக் கேட்டாள்! பரிபாடலில் செவ்வேளைப் பாடிய கடுவன் இளவெயினனார், செல்வமும் நுகர்வும் கேட்க வரவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, அருளும் அன்பும் அறமும் ஆகிய மூன்றை மட்டும் கேட்கின்றார். இம்மூன்றும் வானிலிருந்து விழுவன அல்ல. கேட்பவரே ஆகவேண்டியவை. அன்பைத் தா என்று நாள்தோறும் உண்மையாய்க் கேட்பவன் வாயிலில் வந்தவனை விரட்டக் கூசுவான். அக்கூச்சமே அவன் கேட்டதற்குக் கிடைத்த விடை.

சுந்தரர் கேட்கவில்லையா என்று சிவநெறிச் செல்வர் எழுந்து கேட்கலாம். கேட்டார். அதே திருமுதுகுன்றத்தில்தான் பன்னீராயிரம் பொன் பெற்று மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்கின்றது பெரியபுராணம். தோழன் உரிமையில் கேட்டது அது. தொழுது அஞ்சிக் கேட்டதன்று. குண்டையூரில் நெல் மலைபோற் குவிந்தபோது அவர் கேட்டதோ, அதைச் சுமக்க ஆள்! அவ்வூரில் இன்றைக்கும் அந்தத் தட்டுப்பாடு தீர்ந்தபாடில்லை போலும்.

திண்டலும் கால்டனும் இங்கிலாந்தில் பூசலிட்ட அதே 1872ஆம் ஆண்டில், சனவரி 25ஆம் நாள், வடலூரில் இராமலிங்க அடிகள் சத்திய ஞான சபையைத் திறந்தார். திருமுதுகுன்றத்திலிருந்து நெய்வேலியைக் கடந்தால் வடலூர். அடிகளும் இறைவனிடம் கேட்டவரே. எல்லா உயிர்க்கும் தாம் அன்பு செய்தல் வேண்டும் என்பதைத் தலையாய விருப்பமாகப் பாடியவர். பாடிவிட்டு அமரவில்லை. சபை எழுவதற்கு ஐந்தாண்டுகளுக்குமுன், 1867 மே 23ஆம் நாளே, பார்வதிபுரத்து மக்கள் தந்த நிலத்தில் தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டிவிட்டார். வழிபாட்டு மன்றத்துக்கு முன்னதாகச் சோற்று அடுப்பு. 1874இல் அடிகள் மறைந்தார். அடுப்பு அணையவில்லை, அன்று மூட்டிய நெருப்பு இன்றும் எரிகின்றது, வந்தவர்க்கெல்லாம் சோறு போடப்படுகின்றது. சாதி கேட்பதில்லை, சமயம் கேட்பதில்லை. இறைவன் பசியைத் தீர்க்கின்றானா என்று ஐயுறுவோர் அங்குச் சென்று வரிசையில் அமர்ந்து பார்க்கலாம். விறகு வெட்டுபவரும் உலை வைப்பவரும் யாரென்பது கண்ணுக்குத் தெரியும்.

மீண்டும் மணவாளநல்லூருக்கு வருவோம். முனியப்பர் திருமுன்னில் கட்டப்பெற்ற தாள்களை முருகன் படிக்கின்றானா என்பது அவனுக்கே வெளிச்சம். ஆனால் அவற்றுள் எழுதியிருப்பவை பொய்யல்ல. கைவிடப்பட்ட மனைவியின் கண்ணீரும், ஏமாற்றப்பட்ட கூலிக்காரனின் கணக்கும் அவற்றில் இருக்கின்றன. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள் அனைவர்க்கும், தாழ்த்தப்பட்டோர்க்கும், பழங்குடியினர்க்கும், ஏழையர்க்கும் காசு வாங்காமல் வழக்குநடத்தித் தர அரசு கடமைப்பட்டுள்ளது. வட்டந்தோறும் அதற்கெனக் குழு உண்டு. அதனை நாடுவதற்கு ஊர்த்தொலைவுக்குக் கட்டணமில்லை. இச்செய்தி அங்குத் தாள் எழுத வருவோருட் பலர்க்குத் தெரியாது.

இம்மன்றத்து இளைஞர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். நல்ல தமிழில் நாலு வரி திருத்தமாக எழுதக்கூடியவர்கள். கிழமைக்கு ஒருநாள் இருவர் இருவராக அக்கோவில் வாயிலில் அமரலாம். எவருடைய நம்பிக்கையையும் கெடுக்க வேண்டா, கட்டுவதைக் கட்டட்டும். அதே முறையீட்டுக்கு இன்னொரு படி எழுதிக்கொடுத்து, உடன்சென்று, வட்டக் குழுவின் அலுவலகத்தில் பதிவு செய்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி அவர் கையில் கொடுத்துவரல் வேண்டும். அடுத்த கூட்டத்துக்குள் எத்தனை பேருக்கு அவ்வாறு எழுதித் தரப்பட்டது என்னும் கணக்கைச் செயலாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.